எங்க பாட்டுதாங்க

என் கணவர் அரியலூர்ச் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி மோதிச் செத்தபோது எனக்கு ஏழாம் மாதம். அழுகை வரவில்லை. பாட்டுதான் வந்தது.

"வெள்ளப் புழுதி கெளப்பி வந்த லாரி, எங்க வூட்டு வெளிச்சத்த வாரிப்போன லாரி."

நானாகக் கட்டிய பாட்டு. மகள் பிறந்ததும் அதைப் பாடித்தான் தூங்க வைத்தேன். பிள்ளைக்குப் பாடுகிற பாட்டா இது என்று மாமியார் திட்டினார். பக்கத்து வீட்டுக்காரிதான், பழைய பாட்டாட்டம் அவ்வளவு நல்லா இருக்கு என்று மெச்சினாள். மகள் நடக்கத் தொடங்கியபின் நிறுத்திவிட்டேன்.

பிறகு பாடாலூரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சினிமா இசையமைப்பாளர் ஒருவரின் உதவியாளர் அந்தப் பக்கம் கல்யாணத்துக்கு வந்தவர், நான் பாடுவேன் என்று கேள்விப்பட்டுக் கடைக்கே வந்துவிட்டார். புடவை அடுக்குக்கு நடுவில் நின்று பாடினேன். செல்போனில் பதிவு செய்துகொண்டார்.

"பிரமாதங்க. யாரு பாட்டு இது?"

"எங்க பாட்டுதாங்க சார்."

எழுதும்போது 'என்' வருகிறது. பேசும்போது எனக்கு வராது. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்த நான் 'எங்க அம்மா' என்றுதான் சொல்வேன். 'எங்க வூட்டுக்காரர்' என்பேன். அதற்காக அவர் ஊருக்கெல்லாம் பொதுவாகிவிடுவாரா?

ஆனால் பாட்டு பொதுவாகிவிட்டது. படம் வந்தபோது அது குத்துப்பாட்டாகியிருந்தது. எழுதியவர் பெயர் வரவேண்டிய இடத்தில் 'மரபு நாட்டுப்புறப் பாடல்' என்று போட்டிருந்தார்கள். நாட்டுப்புறப் பாட்டில் லாரி வந்தால் இடிக்குமே! அதனால் 'வெளிச்சத்த கூட்டி வந்த மாட்டு வண்டி'. அவரைக் கொன்ற லாரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மாட்டைப் பூட்டிவிட்டார்கள் பாவிகள்.

அரியலூரில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தேன். அவர் படக் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பினார். பதிலோடு அந்தப் பதிவையே அனுப்பி வைத்தார்கள். வக்கீலம்மா மேஜையில் என் குரலே எனக்கு எதிராகப் பேசியது. எங்க பாட்டுதாங்க சார்.

"ஊர்ப் பாட்டுன்னு நீங்களே சொன்னதாத்தான் வாதாடுவாங்க. குடுக்கறதுக்கு முன்னாடியே உங்க பேர்ல பதிவு பண்ணியிருக்கணும்மா. எழுதி உங்க மெயிலுக்கே அனுப்பி வச்சிருந்தாகூட, இன்ன தேதியில இருந்துச்சுன்னு காட்டலாம்."

"அவர் செத்தத பதிவு பண்ணினேங்க. அழுததையும் பண்ணணும்னு யாருங்க சொன்னா?"

வக்கீலம்மா, சாட்சி இருந்தால் பார்க்கலாம் என்றார். மாமியார் இப்போது உயிரோடு இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் போனேன். "அது பழைய பாட்டுதானே?" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்புகிறாள். அதோடு எனக்குத் தெம்பு போய்விட்டது.

போன வாரம் மகள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஆடிப் பழகினாள். அதே பாட்டு. மாட்டு வண்டி என்று அவள் பாடியதும் தாங்க முடியாமல், "வாரிப்போன லாரி" என்று பாடிவிட்டேன்.

"தப்பா பாடுறம்மா. லாரியெல்லாம் வராது."

"இது என் பாட்டுடி."

அந்த வார்த்தை அன்றைக்குத்தான் என் வாயில் வந்தது.

"போம்மா, இது சினிமாப் பாட்டு" என்று சிரித்துக்கொண்டே காலை நீட்டினாள். நான் சலங்கையைக் கட்டிவிட்டேன்.