சிரிப்பு நடிகன் செய்தி வாசித்த காலம்

பிள்ளைகளே, அப்பா ஏன் நாடகத்தை விட்டீர்கள் என்று சின்னவள் போன கிழமை கேட்டாள். பாதி பிரெஞ்சிலும் பாதி தமிழிலும் கேட்டாள். நேரம் இல்லை என்று சொல்லிவிட்டேன். அது உண்மையான மறுமொழி இல்லை. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளைப் பொறுத்து மெதுவாக வாசியுங்கள்.

1. சார்ஜன் வேஷம்

ஊரில் நான் சிரிப்பு நடிகன். குடிகாரத் தரகர், காது கேளாத மாமா, பொலிஸ் சார்ஜன் என்று மாறி மாறி வேஷம் கட்டுவேன். கதாநாயகனாக ஒருநாளும் நின்றதில்லை. என் மூக்குக்கு அது சரிவராது என்று நாடகம் பழக்கியவர் சொல்லிவிட்டார்.

எண்பதுகளின் நடுவில் மொன்றியலுக்கு அகதியாக வந்தேன். ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் லோன்றியில் வேலை. அகதி வழக்குக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் எங்கள் ஆட்கள் பொங்கலுக்கு நாடகம் போட்டார்கள். நடத்தியவர் சிவம் அண்ணை. ஊரில் தபால்கந்தோரில் இருந்தவர், இங்கே கார்த் தரிப்பிடத்தில் காவல்.

"நீர்தானே அந்தச் சார்ஜன்? சனம் சிரிச்சுக் கனநாள். வாரும்," என்றார்.

சிரிப்பு நடிகனுக்கு ஒரு வித்தை உண்டு. முதல் வசனத்தைத் திரைக்குப் பின்னால் நின்றே சொல்ல வேண்டும். குரல் முன்னே போய்ச் சனத்தைச் சிரிக்கவைக்கும். ஆள் பிறகு போனால் போதும்.

"அடேய், என்ர தொப்பியை எடுத்தவன் ஆர்? தொப்பி இல்லாமல் நான் ஆரைப் பிடிச்சு அடிக்கிறது?"

மண்டபம் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்வரை உள்ளேயே நின்றேன். கிழமை முழுக்க இரத்தக்கறைத் துணியோடு கிடக்கிறவனுக்கு அந்தச் சத்தம் போதும். உங்கள் அம்மாவை விட்டால் வேறு ஒன்றும் இந்த நகரத்தில் அப்போது எனக்கென்று இருக்கவில்லை.

2. மெஷின்

அந்த நேரம் ஊரில் குண்டு விழுந்தால் இங்கே ரீவியில் வராது. சிவம் அண்ணை வீட்டில் ஓர் ஆன்சரிங் மெஷின் வாங்கிவைத்தோம். கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் செய்தியை ஒருவர் கசெற்றில் வாசித்து வைப்பார். நம்பரை அடித்தால் எவரும் கேட்கலாம். முதலில் வாசித்தவர் நடுவில் அழுதுவிட்டார். சிவம் அண்ணை என்னிடம் வந்தார்.

"உம்மட குரல் தெளிவு. நீர் வாசியும்."

"என்ர குரலைக் கேட்டாச் சனம் சிரிக்கும், அண்ணை."

"ஒரு கிழமை சிரிப்பினம். பேந்து பழகியிடும்."

அதைக் கேட்டு உங்கள் அம்மா, "நல்லாயிருக்கு. இனிச் செத்தவீடு சொல்லச் சார்ஜன் வரப்போறார்," என்றாள்.

வாசிக்கும் வேலையையும் பழகினேன். ஊர்ப் பெயரை இரண்டு தரம் சொல்ல வேண்டும். சொன்னபின் ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். அந்த ஊர்க்காரருக்கு அடுத்த வசனம் உடனே காதில் விழாது. செத்தவர்களின் பெயரை வாசிப்பதில்லை. அது பிழையாகவும் வரலாம். 'கொடூரமான' என்ற சொல்லை எங்கே கண்டாலும் வெட்டினேன்.

சிவம் அண்ணை சொன்னபடியே சிரிப்பு நின்றது. ஒருநாள் தெருமுனைத் தெப்பனேர்க் கடையில், "பால் எடுக்கவோ?" என்று அம்மாவிடம் கேட்டேன். பாண் எடுத்துக்கொண்டிருந்த நம்மவர் ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பினார். முகம் வெளிறியிருந்தது. எனக்கு அப்போது விளங்கவில்லை.

3. அடுத்த பொங்கல்

மறு வருஷமும் அதே மண்டபம், அதே சார்ஜன். திரைக்குப் பின்னால் நின்று தொப்பி வசனத்தைச் சொன்னேன்.

ஒரு சத்தமும் இல்லை. பிறகு முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது தெளிவாக என் காதில் விழுந்தது.

"எந்த ஊராம்?"

நான் மேடைக்குப் போனேன். சின்னப் பிள்ளைகள் என் மீசையைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரியவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட நடித்தவன் மெதுவாக, "அண்ணை, விடாமல் கதையுங்கோ," என்றான். கதைத்து முடித்தேன்.

கேட்டது மலர் அக்கா. திருகோணமலைப் பக்கம். என்னோடு லோன்றியில் துணி மடிப்பவர். கணவர் ஊரில், தொடர்பு இல்லை. நாடகம் முடிய உள்ளே வந்தார்.

"கோவிக்காதேங்கோ தம்பி. என்னை அறியாமல் வாயில வந்திட்டுது. உங்கட குரல் கேட்டா, என்ர கை தானா ரெலிபோனைத் தேடுது."

"நான் இனி வாசிக்கேல்லை அக்கா. வேற ஆளைப் பிடிக்கட்டும்."

"அப்பிடிச் செய்யாதேங்கோ. வேற ஆக்கள் வாசிச்சா மனம் நம்பாது." பிறகு, "நடிக்கிறதை விடுங்கோவன்," என்றார்.

கடுமையாகச் சொல்லவில்லை. சாப்பாட்டில் உப்புக் கூட என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். மீசைப் பசை காய்ந்து உதடு இழுத்தது. மீசையை உரித்து எடுத்தேன். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை.

4. அவருடைய ஊர்

பனி கரையத் தொடங்கிய காலத்தில் மலர் அக்காவின் ஊருக்கு ஷெல் அடித்த செய்தி வந்தது. "முதல் அவவிட்டைச் சொல்லிப்போட்டு வந்து வாசியும்," என்றார் சிவம் அண்ணை.

லோன்றிக்குப் போனேன். அவர் வெள்ளைத் துணி ஒன்றின் இரண்டு மூலையையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"லீவு நாளில என்ன இஞ்ச?" என்றவர் என்னைப் பார்த்து நிறுத்தினார். "எங்கட ஊரோ?"

"ஓம் அக்கா."

"ஒண்டும் சொல்லாதேங்கோ. மெஷினில போடுங்கோ. நான் வீட்டை போய் எடுத்துக் கேக்கிறன்."

"நானும் கூட வாறன்."

"வேண்டாம் தம்பி. முகத்தைப் பார்த்தா எனக்கு அந்தச் சார்ஜன்தான் வாறார்."

துணியை மடித்துத் தட்டில் வைத்தார். நான் திரும்பி வந்து வாசித்தேன். ஊர்ப் பெயரை இரண்டு தரம் சொன்னேன், ஒரு மூச்சு நிறுத்தினேன், மிச்சத்தைச் சொன்னேன். அவருடைய கணவர் அதில் செத்துப்போனது உறுதிப்படக் கனநாள் எடுத்தது.

வேலையில் நான் கற்றது இவ்வளவுதான். ஒரு வேலைக்குக் கொடுத்த குரலை இன்னொரு வேலைக்குத் திருப்பி வாங்க முடியாது. சனத்துக்கு எது கூடுதலாகத் தேவையோ, குரல் அங்கேயே இருக்கட்டும்.

அன்று வாசித்து முடிய, சிவம் அண்ணை வேலைக்குப் போய்விட்டார். நான் தனியே கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மெஷின் எடுத்தது. கசெற் சுற்ற, என் குரல் அந்த அறைக்குள் வணக்கம் சொன்னது. அடித்தது மலர் அக்காவோ வேறு ஆரோ, எனக்குத் தெரியாது. அடித்தவர் மட்டும் கேட்கட்டும் என்று அறைக்குள் வந்த மெஷினின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, கசெற் சுற்றி நிற்கும்வரை கோட்டோடு பக்கத்தில் இருந்தேன்.