கடைசிப் பக்கத்தில் நடப்பவள்

நாவலைப் பின்பக்கமாகத்தான் திறக்கிறார் அருணாதேவி. "நடந்துட்டாளான்னு பாத்துடறேன்." கதையில் கால் வராத பெண் ஒருத்தி இருந்து, கடைசி அத்தியாயத்தில் கடவுள் அருளால் எழுந்து நின்றுவிட்டால், புத்தகம் அப்படியே நூலகத்துக்குத் திரும்பும்.

தேரடித் தெருவில் செல்போன் பழுது பார்க்கிறார். குழந்தையில் போலியோ. அடி அண்ணாமலையிலிருந்து மூன்று சக்கர ஸ்கூட்டரில் வருவார். உதட்டில் ஸ்க்ரூவைக் கவ்வியபடியே பேசுவார். ஒரு பௌர்ணமியன்று கிரிவலம் வந்த புண்ணியவான் ஒருவர், வேலையாக இருந்தவரின் மடியில் சாம்பார் சாதப் பொட்டலத்தை வைத்துவிட்டுக் கும்பிட்டு நகர்ந்தார். "ஏங்க, சோத்துக்கெல்லாம் டிஸ்ப்ளே மாத்தறதில்லீங்க" என்று கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சாமி நம்பிக்கை கிடையாது. சாமி வரும் கதைகள் பிடிக்கும். "மலை நெருப்பா நின்னுச்சுன்னு எழுதட்டும், சித்தர் காத்துல பறக்கட்டும். சூப்பரா இருக்கும், படிப்பேன். அவங்க சாமி இருக்குன்னு காட்ட என் காலுதான் கெடைச்சுதா?" நாத்திகருக்கு ஆன்மிகக் கதை புரியாது என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். புரிந்ததால்தான் இவருக்கு இத்தனை கோபம்.

சென்ற மாதம் வாசகர் வட்டம் ஒரு நாவலுக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தது. தீபத்தன்று மலை உச்சியில் சுடர் தெரிந்ததும் நாயகி ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடக்கிறாள், அதுதான் முடிவு. எழுதியவரும் வந்திருந்தார். அவர் முகத்துக்கு நேரே கேட்பதற்காகவே இந்த முறை முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார் அருணாதேவி.

கூட்டம் மாடியில். சாய்தளம் இல்லை, லிஃப்ட் இல்லை. ஒரு பெண்ணின் கால் குணமானதைக் கொண்டாடப் போனவர்களில் ஒருவர் கண்ணிலும் அந்தப் படிக்கட்டு படவில்லை.

செயலாளர் சக்கரபாணி இறங்கி வந்தார். "நாலு பேரா தூக்கிட்டுப் போயிடறோம்மா. ரெண்டு நிமிஷம்."

"நான் என்ன உற்சவ மூர்த்தியா சார்?"

"சரி, கேள்வியை எங்கிட்ட சொல்லுங்க. மேல கேட்டுடறேன்."

"அந்தக் கதைப் பொண்ணை எறக்கி அனுப்புங்க, அவகிட்ட சொல்றேன். அவதான் இப்ப நல்லா நடக்கறாளே."

மேலே கைதட்டல் கேட்டது. சக்கரபாணி ஏறிப் போனார். அந்த மாடிக்கு வேறு வழி கிடையாது. அருணாதேவி ஸ்கூட்டரைப் படிக்கட்டின் அடியில் குறுக்காக நிறுத்தி, சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.