டர்போ மாட்டிய காரும் நாளைய வேலூர் பயணமும்

பக்கத்து வீட்டு முரளியின் காரில் பிஸ்டன் உருகிவிட்டது. எஞ்சினைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் இன்று மாலை அதை உறுதி செய்தார்.

முரளி தன் அப்பாவை டயாலிசிஸுக்கு வேலூர் அழைத்துப்போகிற கார் அது. சீக்கிரம் போய்ச் சேரலாமென்று எஞ்சினின் வேகத்தைக் கூட்டும் டர்போவை வெளியில் வாங்கி மாட்டியிருந்தார்.

"டேங்க் ஃபுல்லாத்தானே வெச்சிருந்தேன்?" என்றார் முரளி.

"டேங்க்ல இருந்து என்னாங்க? டர்போ காத்தை அள்ளிக்கினு வருது. பழைய இன்ஜெக்டரால அதுக்கேத்த பெட்ரோல் குடுக்க முடியல. சூடேறி உருகிடுச்சு" என்றார் மெக்கானிக்.

கூட வந்திருந்த அப்பா கேட்டார்: "ஜல்தியா போலாம்னியே, இப்ப எதுலடா போறது?"

முரளி உதிரிபாகக் கடைக்கு போன் போட்டார்.

புதிய பிஸ்டனும் பெரிய இன்ஜெக்டரும் சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை வருமாம். டயாலிசிஸ் நாளைக் காலை.

ஆரணியிலிருந்து வேலூருக்குக் நாளை காரில் போகிறவர்கள், இருவருக்கு இடம் இருந்தால் இங்கே சொல்லுங்கள். மெதுவாக ஓட்டுகிறவர்களுக்கு முன்னுரிமை.