கொசு வந்துகீது

அடுத்தவர் வீட்டுத் தண்ணீரைக் கீழே கொட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. அரசாங்கத் தாளில் கொசு ஒழிப்புப் பணியாளர் என்று போட்டிருக்கும். ஒரகடம் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய், பிடித்து வைத்த தண்ணீரில் டார்ச் அடித்துப் புழு இருக்கிறதா என்று பார்க்கிறேன். கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கள், கரண்ட் ரீடிங் எடுக்கிறவர்கள், கூரியர் தம்பிகள் என்று மூடிய கதவுக்கு முன்னால் நின்றே காலம் தள்ளுகிறவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். உங்களுக்காவது, சிலிண்டரோ பார்சலோ கொண்டு போனால் ஒரு சிரித்த முகம் தெரியும்.

எனக்கு வைத்த பேர்

நிலம் விற்ற பணத்தில் மாடி கட்டிய வீடு. வீட்டுக்கார அம்மா போனைக் காதில் வைத்தபடியே கதவைப் பாதி திறந்தார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டி நிற்கும் தட்டைப் பார்க்க வேண்டும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு ராணி என்று பேர் உண்டு. கழுத்தில் அட்டையும் தொங்குகிறது. அவர் போனில் சொன்னார்: "இரு, அப்பால பேசறேன். கொசு வந்துகீது."

பேரல்

வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு லைன் வீட்டில் செல்வி என்று ஒரு பெண். புருஷன் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, இடுப்பில் கைக்குழந்தை. டேங்கர் லாரி என்றைக்கு வரும் என்று அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. வந்தபோது பிடித்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அவளுடைய நீலப் பேரலில் டார்ச் அடித்தேன். புழு நெளிந்தது. தண்ணீரில் ஊற்றும் மருந்து அன்றைக்குக் கைவசம் இல்லை. கூட வந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர், "கவுத்துடும்மா" என்றார்.

"வேணாங்கா, துணி கட்டி வடிகட்டிக்கறேன்" என்று செல்வி பேரலைப் பிடித்துக்கொண்டாள். நானும், என்னோடு வேலை செய்யும் வசந்தாவும் சேர்ந்து சாய்த்தோம். தண்ணீர் வாசலைத் தாண்டிச் சாக்கடைக்கு ஓடியது. உள்ளே டிவியில், செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி வருகிறது என்று செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "புழு குடிச்சது போக மிச்சம் எங்களுக்குப் போதும்கா."

கேட்டு

அதே மழைக்காலத்தில் ஒரு கம்பெனி வாசலில் நின்றோம். அதன் பின்பக்கம் மண்மேட்டில் ஏறினால் மதிலுக்கு உள்ளே எல்லாம் தெரியும். மூடியில்லாத பழைய டிரம்கள், குழிந்து தொங்கும் தார்ப்பாய்கள், எல்லாவற்றிலும் தண்ணீர். உள்ளே விட ஹெச்.ஆர். சொல்ல வேண்டும் என்றார் செக்யூரிட்டி. ஹெச்.ஆர். மீட்டிங்கில் இருந்தார். சாப்பாட்டு நேரம் போயும் மீட்டிங் முடியவில்லை.

"உள்ள கொசுவே கெடையாதும்மா. எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க?" என்றார் செக்யூரிட்டி. பாவம், அவர் கைகளிலேயே தடிப்புத் தடிப்பாக இருந்தது. வசந்தா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அதுங்கள மட்டும் கேட் பாஸ் இல்லாம உட்டுட்டீங்களா சார்?"

கட்டில்

அந்த மதிலுக்கு அடுத்த தெருவில் ஒரு பெண்கள் ஹாஸ்டல். எல்லாம் அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் தெற்கத்திப் பிள்ளைகள். ஒரு ஷிப்டு எழுந்து போகும்; அடுத்த ஷிப்டு வந்து அதே கட்டிலில் படுக்கும். பாத்ரூம் தொட்டியைப் பார்க்கப் போனபோது, கடைசி அறையில் ஒருத்தி போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தாள். நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. பேர் முத்துமாரி, ஊர் கமுதிப் பக்கம்.

"காச்சலெல்லாம் இல்லக்கா, அசதிதான். எழுதிராதீக. லீவு போட்டா நின்னுக்கிறச் சொல்லிருவாக" என்றாள். ரத்தம் பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே போன் போட்டேன். காலையில்தான் ஆள் வர முடியும் என்றார்கள். என்னோடு ஆட்டோவில் வா என்று கெஞ்சினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் நர்ஸோடு போனேன். கட்டில் காலி. மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டாள். வார்டன் அம்மாவுக்கு எங்களைப் பார்த்துச் சிரிப்பு: "வேலைக்கே போயிட்டா, அப்புறம் இன்னா காய்ச்சல்?"

புகை

முத்துமாரி அன்றைக்குக் கம்பெனி லைனில் வேலை பார்க்கும்போதே விழுந்துவிட்டாள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். அந்த வாரத்துக்குள் முடிந்துவிட்டது. டெங்கு என்றார்கள்.

அதன் பிறகு எல்லாமே வந்தது. ஜீப் வந்தது, மருந்து வந்தது, புகை மெஷின் வந்தது. கம்பெனி கேட்டு அகலமாகத் திறந்தது. டிரம்களைக் கவிழ்க்க அவர்களே ஆள் கொடுத்தார்கள். ஹாஸ்டல் வாசலில் வார்டன் அம்மா எனக்கு நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

புகை அடித்துக்கொண்டிருந்தபோது ஒருவர் மாடியிலிருந்து ஒரு பையோடு இறங்கி வந்தார். முத்துமாரியின் துணிமணிகளை எடுத்துப் போக வந்த அவளுடைய அப்பா. மெஷினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன். புகை கலையும்வரை நின்றார். கோபமே இல்லை அவர் குரலில். வழி கேட்பது போலத்தான் கேட்டார்: "இந்தப் பொகைய முன்னக்கூடியே போட்டிருக்கலாம்ல, தாயி?"

இத்தனை வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது, பெல் அடிக்கும் முன்பே எங்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிற வீட்டுக்கெல்லாம் நாங்கள் தாமதமாகத்தான் போயிருக்கிறோம் என்பதுதான்.