மேடம் படத்துக்குக் கீழே ஒரு மாத்திரை டப்பா

மல்லிகா மேடம் போயிட்டாங்க. நேத்து காலையில... மாரடைப்பு.

வாட்ஸ்அப்ல வந்ததை நான் நம்பலை. எதையும் உடனே நம்புற ஆள் இல்லை நான். அவங்க நம்பருக்கே போன் பண்ணினேன். அவங்க வீட்டுக்காரர் எடுத்து அழுதார்.

தஞ்சாவூர்ல ஒரு காலேஜ்ல அவங்க பேராசிரியர், நான் ஸ்டோர்ஸ் பொறுப்பு. ரெண்டு பேருக்கும் ஊர் திருக்காட்டுப்பள்ளி, ஒரே பஸ்.

ஒருதடவை லேபுக்கு டால்டா கேட்டு எழுதி அனுப்பியிருந்தாங்க. எனக்கு உடனே சந்தேகம். நேராப் போய்க் கேட்டேன், "லேப்ல என்ன மேடம், விருந்தா?"

"விருந்துதாங்க. எலிக்கு!"

கொழுப்பா தின்ன வச்சு எலியோட கல்லீரலைக் கெடுத்து, அப்புறம் கீழாநெல்லிச் சத்து கொடுத்துப் பார்ப்பாங்களாம். சும்மா கொடுத்தா பாதி வழியிலேயே வீணாப் போயிடுமாம். அதனால கண்ணுக்கே தெரியாத நானோ உறைக்குள்ள அடைச்சு...

"கண்ணுக்கே தெரியாததை எப்படி மேடம் நம்புறது?"

"நம்பலைங்க. அதான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கிட்டு இருக்கேன்." அன்னைக்குத்தான் எனக்கு அவங்களைப் பிடிச்சுப்போச்சு.

அப்புறம் என் தம்பிக்கு ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு வந்தது. டாக்டர் சொன்னதை விட்டுட்டு, கடைத்தெருவுல 'நானோ கீழாநெல்லி'ன்னு ஒரு டப்பா வாங்கிட்டான். டப்பா மேல 'நம்ம ஊர் பேராசிரியரின் கண்டுபிடிப்பு'ன்னு மேடம் படம்.

ராத்திரி பரோட்டா, மேல ஒரு மாத்திரை. கேட்டா, "நானோ பாத்துக்கும்க்கா"ங்கிறான்.

டப்பாவைக் கொண்டுபோய் மேடம்கிட்ட காட்டினேன். முகமே மாறிடுச்சு.

"இது என்னோடது இல்லைங்க. என் வேலை இன்னும் எலியைத் தாண்டலை. இதுக்குள்ள என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. தம்பியை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

அன்னைக்கே கடைக்குப் போய் சண்டை போட்டாங்க. எல்லா டப்பாவுலயும் அவங்க படத்தைக் கிழிக்க வச்சிட்டுத்தான் வந்தாங்க.

இன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல இறங்கினா, ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸ். 'கல்லீரல் காத்த தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி'. மேடம் சிரிக்கிறாங்க. கீழே அதே டப்பா, கடை போன் நம்பரோட.

கழட்டுங்கன்னு கடைக்காரர்கிட்ட சொன்னேன். "துக்க ஃப்ளெக்ஸை கருமாதிக்கு முன்னாடி யாராவது இறக்குவாங்களாம்மா? அவங்க ஆத்மா என்ன நினைக்கும்?"

என்ன நினைக்கும்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

மேடம் வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். "யாரோ பெரிய மாலையா கொண்டுவந்து போட்டாங்கம்மா... ஒரு போட்டோ கேட்டாங்க, கொடுத்தேன்"னார். பாவம், அவரை என்ன சொல்ல.

தம்பி ஃப்ளெக்ஸைப் பார்த்துட்டு வந்து, "பாத்தியாக்கா, அவங்க மருந்துதானே?"ன்னு கேக்கறான். கையில புது டப்பா.



தம்பி, நான் வாயால சொன்னா நீ கேக்க மாட்டே. போன்ல வர்றதை மட்டும் நம்புவே. அதான் இங்க எழுதறேன். உன்னை நிறுத்தச் சொன்னாங்கடா அவங்க.

போய்ட்டு வாங்க மேடம்.