எனக்குக் கோபமே வராது

எனக்குக் கோபமே வராது என்று அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

அன்று மகளோடு வெள்ளவத்தையில் பஸ்ஸை விட்டு இறங்கச் சற்றுச் சுணங்கியதற்குக் கண்டக்டர் சிங்களத்தில் கண்டபடி ஏசினான். என்னைவிடப் பத்து வயது இளையவனை, சிங்களத்திலேயே “ஹரி ஹரி அய்யே”, சரி சரி அண்ணே, என்று அண்ணனாக்கி, சிரித்துக் கெஞ்சினேன்.

வீட்டுக்கு வந்ததும், தேத்தண்ணியில் சீனி கூடிவிட்டது என்று மனைவி மேல் எரிந்து விழுந்தேன். கோப்பையை மேசையில் அடித்து வைத்ததில் அவளுடைய கையில் தெறித்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

“அப்பா, எங்களோடயும் சிங்களத்திலயே கதையுங்கோவன்.”

பஸ்ஸில் நான் சிரித்த அதே சிரிப்போடுதான் அதைக் கேட்டாள்.