கணையத்துக்காகக் காத்திருந்த எங்கள் அக்கா

அக்கா இல்லாமல் ஓராண்டு போய்விட்டது. கிணத்துக்கடவுக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தவர். பதினோரு வயதில் சர்க்கரை நோய் வந்தது. கணையம் இன்சுலின் சுரக்கவில்லை என்றார்கள். அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை ஊசி.

பெண் பார்க்க வந்தவர்களிடம் வீட்டார் மறைக்க நினைத்ததை அக்காவே சொன்னார். "எனக்குத் தினம் ஊசி போடோணுங்க. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க." காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்ப வரவில்லை. அக்கா சிங்காநல்லூரில் ஆசிரியையாகி, தங்கையான என்னை உடன் வைத்துப் படிக்க வைத்தார்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டில் அவருடைய சிறுநீரகங்கள் பழுதாயின. என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதைக் காக்கத் தந்த மாத்திரைகள் சர்க்கரையை ஏற்றிவிட்டன. ஊசி நான்கு வேளையாயிற்று.

வெளிநாடுகளில் சிறுநீரகத்தோடு கணையத்தையும் மாற்றி வைக்கிறார்கள் என்று டாக்டர் அப்போதுதான் சொன்னார்.

"அப்புறம் ஊசியே வேண்டாங்களா?" என்று கேட்டார் அக்கா.

"ஒத்துக்கிட்டா வேண்டாம்மா. முன்னைக்கு இப்ப நல்லாவே பலன் கிடைக்குது. ஆனா எல்லாருக்கும் நிலைக்கறதில்லை. இங்கே வர நாளாகும்."

"என் கணையத்துல கொஞ்சம் எடுத்து வைக்க முடியாதுங்களா டாக்டர்?" என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒண்ணு குடுத்தது பத்தாதா அம்மணி? உனக்கும் சக்கரை வந்துபோட்டா நான் என்ன பண்ணுவேன்?"

ஆனாலும் அவருடைய ஆசை அடங்கவில்லை. பார்வை மங்கிய பிறகு, பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தை என்னைப் படிக்கச் சொல்வார்.

"நம்மூருக்கு வந்துபோட்டுதா?"

"இன்னும் இல்லீங்க்கா."

"செரி, அடுத்த வாரம் பாப்போம்."

சிறுநீரகம் மாற்றிய நான்காம் ஆண்டு கிருமித்தொற்றில் படுத்தார். கடைசி நாள் பிற்பகலில் என் விலாப் பக்கத்தைத் தடவி, "என்னால உனக்குத் தழும்புதான் மிச்சம்" என்றார்.

"இல்லீங்க்கா, நாலு வருசம் மிச்சம்" என்றேன். அதைக் கேட்டுச் சிரித்தார். மாலையில் மூச்சு அடங்கியது.

இரத்தம் கொடுத்த சக ஆசிரியர்கள், கைநோகாமல் ஊசி போட்ட நர்ஸம்மாக்கள், கூப்பிட்ட நேரத்துக்கு ஆட்டோவோடு வந்த பக்கத்து வீட்டுப் பாய் அண்ணன், எல்லோரையும் கும்பிடுகிறேன். உங்களிடம் இன்னும் ஒன்று கேட்க இருக்கிறது. கணையம் மாற்றிக்கொண்டவர் எவரையாவது எங்கேனும் சந்தித்தால் எனக்குச் சொல்லுங்கள். ஊசியில்லாமல் விடிந்த முதல் காலை எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்க வேண்டும்.